ட்ரெட்மில்லில் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. எந்த வேகத்தில் தொடங்குவது?

தலவாக்கலைக்காரன் | ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். வயது 38. தோட்ட அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பேன். அண்மையில் கிளினிக்கில் பார்த்தபோது பிரஷர் எல்லையில் நிற்கிறது, இடுப்பைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மருந்து எதுவும் தரவில்லை. உடற்பயிற்சி செய்யத் தடையில்லை என்றும் வைத்தியர் சொன்னார். அதனால் டவுனில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன்.

பயிற்றுவிப்பாளர் இளைஞர், நல்ல பிள்ளை. ஆனால் என்னை ட்ரெட்மில்லில் ஏற்றி, வேகத்தை 9 என்று வைத்துவிட்டு, வேறொருவருக்குப் பாரம் தூக்கக் கற்றுக்கொடுக்கப் போய்விட்டார். இயந்திரத்தின் முகப்பில் ஒரு கயிறும் அதன் நுனியில் சிவப்புக் கிளிப்பும் தொங்கின. எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் தொண்டை வறண்டது. பிறகு இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துத் தொங்காத குறை. தடுமாறியபோது அந்தக் கயிறு விரலில் மாட்டி இழுபட, இயந்திரம் தானாக நின்றது. கிளிப் எதற்கு என்பதை அப்படித்தான் அறிந்துகொண்டேன்.

எனக்குப் புரியாதது இதுதான். வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதை செங்குத்து. தினமும் ஏறுகிறேன், கையில் சாமான் பையோடும் ஏறுகிறேன். மலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குச் சமதரையில் ஏன் மூச்சு முட்டுகிறது? எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் தொடங்கலாம்?

இரும்புக்கரம்_ஹற்றன் | ஞாயிறு, இரவு 9.05

முதல் வாரம் எல்லோருக்கும் முட்டும். விடாதீர்கள். 9 என்பது ஓட்டமே அல்ல. வியர்வை சொட்டாத பயிற்சிக்கு ஜிம்மில் எதற்குக் காசு கட்ட வேண்டும்? பயிற்றுவிப்பாளர் செய்தது சரி.

பண்டாரவளை_பிசியோ | ஞாயிறு, இரவு 10.20

தம்பி, நான் பல வருடங்களாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். உங்கள் புதிருக்கு முதலில் விடை சொல்கிறேன்.

பாதையில் வேகத்தைத் தீர்மானிப்பது நீங்கள். ட்ரெட்மில்லில் அதைத் தீர்மானிப்பது பொத்தான். வீட்டுக்கு ஏறும்போது பக்கத்து வீட்டுக்காரரோடு இரண்டு வார்த்தை பேசுகிறீர்கள், பையைக் கை மாற்றுகிறீர்கள், வளைவில் நின்று பின்னால் வரும் ஆட்டோவுக்கு வழி விடுகிறீர்கள். இவையெல்லாம் உடம்பு கேட்காமலே எடுத்துக்கொள்ளும் ஓய்வு. இயந்திரத்தில் அந்தச் சலுகை இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையேறுவதைக் கவனித்திருப்பீர்கள்: எட்டுச் சிறியது, வேகம் மெதுவானது, நாள் முழுவதும் ஒரே சீர். ஒருவரும் ஓடுவதில்லை.

கணக்கு எழுதுபவர் என்பதால் எண்ணாகவும் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் சக்தியை 1 மெட் என்று கொள்வார்கள். உடற்பயிற்சித் துறையில் வழக்கமாகப் பயன்படும் சூத்திரத்தின்படி, சமதரையில் மணிக்கு 5 கிலோமீற்றர் நடை சுமார் 3.4 மெட். அதே வேகத்தில் 3 சதவீத ஏற்றம் வைத்தால் 4.7. பத்து சதவீத ஏற்றத்தில் 7.7. உங்களை ஏற்றிவிட்ட 9 கிலோமீற்றர் ஓட்டம் 9.6 மெட். நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவரை இடைவெளியே இல்லாமல் ஏறக்குறைய பத்து மடங்குக்குத் தள்ளியிருக்கிறார்கள். மூச்சு முட்டாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இனி என்ன செய்யலாம்? ஏற்றத்தைப் பூச்சியத்தில் வையுங்கள். மூன்றரையில் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு 4.5க்கும் 5க்கும் இடையில் பத்து நிமிடம். கடைசியில் மறுபடியும் வேகத்தைக் குறைத்து மூன்று நான்கு நிமிடம் நடந்துவிட்டு இறங்குங்கள். சட்டென்று நிறுத்தக் கூடாது. கால் தசைகள் இயங்கும்போது இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். திடீரென்று நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். ட்ரெட்மில்லிலிருந்து இறங்கி நாலு அடி வைத்ததும் சிலர் சுவரைப் பிடிப்பது அதனால்தான்.

வேகம் சரியா என்று அறிய எளிய வழி பேசிப் பார்ப்பது. நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை: நடந்துகொண்டே நம் பாதையின் ரயில் நிலையங்களை, கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல, நானுஓயா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இடையில் மூச்சு வாங்காமல் நானுஓயா போய்ச் சேர்ந்தால் வேகம் சரி. அதையே ராகம் போட்டுப் பாட முடிந்தால் வேகம் போதாது, சற்றுக் கூட்டலாம். தலவாக்கலையிலேயே நின்றுவிட்டால் குறைத்துவிடுங்கள்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் கூட்ட வேண்டியது நேரத்தை. வாரந்தோறும் நான்கைந்து நிமிடம் கூட்டி, அரை மணி நேரம் சிரமமில்லாமல் வந்த பிறகு வேகத்தையோ ஏற்றத்தையோ தொடலாம். இரண்டையும் ஒரே நாளில் கூட்ட வேண்டாம்.

கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். கயிறு விரலில் சிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நானுஓயா_ரயில் | ஞாயிறு, இரவு 10.41

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் சென் கிளயர் விடுபட்டுவிட்டது. நிலையம் நிலையம்தான்.

பண்டாரவளை_பிசியோ | ஞாயிறு, இரவு 10.44

அதைச் சேர்த்தும் சொல்ல முடிந்தால் உங்கள் மூச்சு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

இரும்புக்கரம்_ஹற்றன் | திங்கள், காலை 6.10

அக்கா கோபிக்கக் கூடாது. மணிக்கு நாலரை கிலோமீற்றர் நடப்பதற்கு ஒருவர் மாதக் கட்டணம் கட்ட வேண்டுமா? தோட்டத்துப் பாதையில் இலவசமாக நடக்கலாமே. அதோடு, தீவிரமாக ஒரு நிமிடம் ஓடி, ஒரு நிமிடம் நடந்து, திரும்ப ஓடும் இடைவெளிப் பயிற்சி குறைந்த நேரத்தில் அதிக பலன் தருகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. நான் அப்படித்தான் செய்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மஸ்கெலியா_டீச்சர் | திங்கள், பிற்பகல் 2.30

தம்பி இரும்புக்கரம், உங்கள் வயதைச் சொல்லவில்லையே. 24 இருக்குமா?

இலவசமாக நடக்கலாம் என்பது ஆண்களுக்குச் சரி. மாலை ஆறு மணிக்கு மேல் நான் தோட்டத்துப் பாதையில் தனியாக வேக நடை போனால் மறுநாள் பாடசாலையில் பிள்ளைகள் கேட்பார்கள், "டீச்சர், யாருக்கு என்ன ஆயிற்று?" என்று. மே மாதம் மழை பிடித்தால் எங்கள் பக்கம் பல நாட்களுக்கு விடாது. புல்லில் கால் வைத்தால் அட்டை. பஸ் நிலையத்தைத் தாண்டினால் நாய்கள். ஜிம்மில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், மேலே தகரம், கீழே சமதரை. நான் கட்டும் காசு அந்தக் கூரைக்கு.

இன்னொன்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். எங்கள் நேரத்தில் வரும் பாதிப் பேர் ஏற்றத்தை உயரமாக வைத்துவிட்டு, கம்பியில் சாய்ந்து பின்பக்கமாகத் தொங்கியபடி நடக்கிறார்கள். திரையில் கலோரி மட்டும் கிடுகிடுவென்று ஏறுகிறது. கை தாங்குகிற பாரத்தைக் கால் சுமப்பதில்லை என்பது இயந்திரத்துக்குத் தெரியாதே.

பண்டாரவளை_பிசியோ | திங்கள், இரவு 9.15

டீச்சர் சொன்னது மிகச் சரி. தடுமாறினால் மட்டும் கம்பி. பிடிக்காமல் நடக்க முடியாத வேகம் உங்களுக்குரிய வேகம் அல்ல.

இரும்புக்கரம் தம்பிக்கு: இடைவெளிப் பயிற்சியால் மூச்சுத் திறன் நன்றாக உயர்கிறது, அதை நான் மறுக்கவில்லை. கேள்வி, அதை யார், எப்போது தொடங்குவது என்பது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாரும் எலும்பும் அப்படியல்ல, அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். மூச்சு தயார் என்றதும் ஓடத் தொடங்குகிறார்கள். கணுக்காலுக்கு மேலே எலும்பின் உட்பக்கம் வலி என்று என்னிடம் வருகிறார்கள். பாரம் கூடியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். ரம்பொடை வளைவுகளில் சாரதி முதல் கியருக்கு மாற்றுவதை யாரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லை.

தலவாக்கலைத் தம்பிக்கு இடைவெளிப் பயிற்சிமேல் ஆசை இருந்தால் அவருக்கேற்ற அளவில் செய்யலாம்: 5.8இல் ஒரு நிமிடம், 4.5இல் இரண்டு நிமிடம், இதையே மாற்றி மாற்றி. இரண்டும் நடைதான், ஆனால் முதலாவது நிமிடத்தில் அவருக்கு வியர்க்கும். உங்களுக்கு 12இல் வருகிற களைப்பு அவருக்கு 5.8இலேயே வந்துவிடுகிறது. இதயத்துக்கு எண் தெரியாது, வேலைப் பளு மட்டுமே தெரியும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் பெரியவர்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. இரண்டையும் கலந்தும் செய்யலாம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே தம்பி வீட்டுக்கு ஏறும் அந்தச் சில நிமிடங்களும் கணக்கில் வரும்.

ஓய்வூதியம்_கொட்டகலை | செவ்வாய், காலை 7.50

மிஸ், எனக்கு 63. மகன் வெளிநாட்டிலிருந்து கைக்கடிகாரம் ஒன்று அனுப்பியிருக்கிறான், இதயத்துடிப்பைக் காட்டும். 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்சத் துடிப்பு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படியானால் எனக்கு 157. எவ்வளவு வேகமாக நடந்தாலும் நூறைத் தாண்டவில்லை, ஆனால் மூச்சு வாங்குகிறது. கடிகாரம் பழுதா, நான் பழுதா?

பண்டாரவளை_பிசியோ | செவ்வாய், பிற்பகல் 1.05

ஐயா, பிரஷருக்கு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?

ஓய்வூதியம்_கொட்டகலை | செவ்வாய், பிற்பகல் 1.30

அட்டெனலோல், காலையில் ஒன்று.

பண்டாரவளை_பிசியோ | செவ்வாய், இரவு 8.55

இருவரும் பழுதில்லை. அட்டெனலோல், பிசோப்ரோலோல் போன்ற மாத்திரைகள் இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தி வைப்பவை, அதுவே அவற்றின் வேலை. அவற்றை எடுப்பவர்கள் கடிகாரத்தின் இலக்கைத் துரத்திக்கொண்டு வேகத்தைக் கூட்டக் கூடாது. உங்களுக்குப் பேச்சுச் சோதனைதான் அளவுகோல். பயிற்சிக்காக மாத்திரையை ஒருநாள்கூட விட்டுவிட வேண்டாம். சாதாரண நடையிலேயே முன்பில்லாத மூச்சு வாங்கல் வந்திருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை எடுக்காதவர்களுக்கும் அந்தக் கழித்தல் கணக்கு உத்தேசமானதுதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம். தலவாக்கலைத் தம்பிக்கு 182 என்று வைத்துக்கொண்டால் மிதமான உழைப்பு ஏறக்குறைய 116க்கும் 138க்கும் இடையில் வரும். அதைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் வாயும் கடிகாரமும் முரண்பட்டால் வாயை நம்புங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை அந்த நொடியே நிறுத்த வேண்டும். வலி தொடர்ந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "காற்றுப் பிடித்திருக்கும்" என்று இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் நம் ஊரில் நடக்கிற பெரிய ஆபத்து.

மஸ்கெலியா_டீச்சர் | செவ்வாய், இரவு 9.40

மூச்சு வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பெண்கள் கவனிக்க வேண்டும். எனக்கு மணிக்கு 4 கிலோமீற்றர் நடந்தாலே நெஞ்சு படபடத்தது. பயிற்சி போதாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கிளினிக்கில் மிஸ் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஹீமோகுளோபின் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை எடுத்த பிறகு அதே வேகம் எனக்குப் பூப்போல ஆகிவிட்டது.

பண்டாரவளை_பிசியோ | செவ்வாய், இரவு 10.02

இதை நானே எழுதியிருக்க வேண்டும், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். ஒட்சிசனைத் தசைக்குச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அது குறைந்தால் இதயம் அதிக தடவை துடித்து ஈடுகட்டப் பார்க்கும். கர்ப்பமில்லாத பெண்களுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை என்று கொள்கிறார்கள். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். தேயிலை மலையில் இருந்துகொண்டு தேநீரை விடச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து | புதன், காலை 10.15

நான் கொழும்பில் வாரம் நான்கு நாள் ஓடுபவன். விடுமுறைக்கு நுவரெலியா வந்து கிரகரி வாவியைச் சுற்றி ஓடினால் வழக்கமான வேகம் வரவில்லை. குளிரா, உயரமா?

பண்டாரவளை_பிசியோ | புதன், இரவு 8.30

பெரும்பாலும் உயரம். நுவரெலியா 1868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அதே அளவு குறைவு. சாதாரண நடையில் தெரியாது, வேகமாக ஓடினால் தெரியும். முதல் சில நாட்கள் வேகத்தைக் குறைத்துப் பேச்சுச் சோதனையின்படி ஓடுங்கள். பண்டாரவளை, தலவாக்கலை உயரத்தில் இந்த வித்தியாசம் சிறிது; அங்கேயே வாழ்பவர்கள் இதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டும் குளிர் தனிப் பிரச்சினை. ஜனவரியில் புல்லில் உறைபனி கிடக்கும் அதிகாலையில் அவர்கள் வெளியே ஓட வேண்டாம். பத்து நிமிடம் மெதுவாக நடந்து சூடேற்றிக்கொண்டால் இழுப்பு வருவது குறையும். நீல இன்ஹேலரைப் பயிற்சிக்கு முன் எடுக்கலாமா என்பதை உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

லிந்துலை_மல்லிகை | புதன், இரவு 9.20

அம்மாவுக்குச் சீனி வருத்தம், அவரும் என்னோடு வர ஆசைப்படுகிறார். வெறும் வயிற்றில் நடக்கலாமா?

பண்டாரவளை_பிசியோ | புதன், இரவு 9.48

மருந்தைப் பொறுத்தது, தங்கச்சி. மெற்போமின் மட்டும் என்றால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுத்தால் வெறும் வயிற்றில் கூடாது. பையில் குளுக்கோஸோ இனிப்போ இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்துக்கொட்டினால் உடனே கொடுங்கள். செருப்போடு ட்ரெட்மில்லில் ஏற்றாதீர்கள். வீடு வந்ததும் பாதங்களில் கொப்புளம் உண்டா என்று பாருங்கள்.

தலவாக்கலைக்காரன் | ஞாயிறு, இரவு 7.55

மிஸ், நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். 4.8இல் நானுஓயா வரை போக முடிகிறது. பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் நான் ரயில்வேயில் வேலை செய்கிறேனா என்று கேட்டார். பயிற்றுவிப்பாளரிடமும் பேசினேன். புதிதாக வருபவர்கள் மெதுவாக நடந்தால் "ஒன்றும் சொல்லித் தரவில்லை" என்று குறை சொல்கிறார்களாம், அதனால்தான் வேகத்தைக் கூட்டி வைக்கிறாராம். அவர் பக்கத்து நியாயம் அது.

இரண்டு கேள்விகள். பாரம் தூக்குவது முன்பா, நடை முன்பா? வரும் பருவத்தில் குடும்பத்தோடு சிவனொளிபாதமலை ஏற எண்ணியிருக்கிறேன். இந்தப் பயிற்சி போதுமா?

இரும்புக்கரம்_ஹற்றன் | ஞாயிறு, இரவு 8.12

பாரம் முன்பு. இதில் அக்காவும் நானும் ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன்.

பண்டாரவளை_பிசியோ | ஞாயிறு, இரவு 9.30

உங்கள் இலக்கு தசை என்றால் பாரம் முன்பு. தலவாக்கலைத் தம்பியின் இலக்கு பிரஷரும் மூச்சும், அவர் நடையை முன்பு வைக்கலாம். தொடக்க நிலையில் இதனால் பெரிய வித்தியாசம் வராது, எதை முதலில் வைத்தால் ஜிம்முக்குத் தவறாமல் போவாரோ அதை வைக்கட்டும். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் சட்டென்று ஏறும்.

மலைக்கு வருவோம். உச்சி 2243 மீற்றர், நல்லதண்ணி வழியில் சுமார் 5,500 படிகள் என்பார்கள். பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை. ஏறுவதற்கு உங்கள் திட்டமே போதும்: அரை மணி நேர நடை கைவந்ததும் வேகத்தை 5இலேயே விட்டுவிட்டு ஏற்றத்தை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1 சதவீதம் கூட்டுங்கள். பேச்சுச் சோதனை தோற்றால் ஒரு படி பின்வாங்குங்கள்.

பலரைப் படுக்கவைப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும், தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுவது அப்போதுதான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கழிவறையில் உட்கார முடியாமல் தவிப்பது அதனால். பெரும்பாலான ட்ரெட்மில்களில் இறக்கம் வைக்கும் வசதி இல்லை. ஆகவே வாரத்தில் ஒருநாள் படிகளில் இறங்கிப் பழகுங்கள், உங்கள் வீட்டுப் பாதையே போதும். சில தடவை பழகினால் தசை அடுத்த முறை அவ்வளவு நோகாது. மலையேறும் நாளுக்கு முந்திய ஒரு வாரம் இறக்கப் பயிற்சி வேண்டாம்.

இரும்புக்கரம்_ஹற்றன் | ஞாயிறு, இரவு 9.41

நான் சென்ற பருவத்தில் இறங்கும்போது ஓடினேன்.

மஸ்கெலியா_டீச்சர் | ஞாயிறு, இரவு 9.44

மறுநாள்?

இரும்புக்கரம்_ஹற்றன் | ஞாயிறு, இரவு 9.52

அதைப் பற்றிப் பேச வேண்டாம் டீச்சர். தலவாக்கலை அண்ணன், எந்த வாரம் போகிறீர்கள்? நானும் வருகிறேன்.

தலவாக்கலைக்காரன் | ஞாயிறு, இரவு 10.03

தைப்பொங்கல் விடுமுறையை ஒட்டி. அம்மாவும் வருகிறார், வேகத்தை அவர்தான் தீர்மானிப்பார். கம்பளிச் சட்டை எடுத்து வாருங்கள், மேலே காற்று பலமாக இருக்கும்.